விளையாட்டுக்கும் இசை நிகழ்ச்சிக்கும் ஒரே உள்ளரங்கம்: எதை முதலில் தீர்மானிப்பது?

வரைபடமேசை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கட்டடக்கலை இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக ஏறத்தாழ 12,000 இருக்கைகள் கொண்ட உள்ளரங்கம் ஒன்றை வடிவமைத்து வருகிறேன். கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி, பெரிய இசை நிகழ்ச்சிகள் ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடைபெற வேண்டும் என்பதே எனக்குத் தரப்பட்ட பணிக்குறிப்பு. நீள்வட்ட வடிவில் இருக்கை வரிசைகளை அமைத்து, நடுவில் தொங்கும் ஸ்கோர்போர்டையும் வரைந்து, இசை நிகழ்ச்சியின்போது ஒரு முனையில் மேடை அமையும் என்று குறித்திருந்தேன். மதிப்பீட்டின்போது என் வழிகாட்டி வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "விளையாட்டு பார்க்க வருபவனுக்கு எல்லாம் செய்திருக்கிறாய், பாட்டுக் கேட்க வருபவன் என்ன பாவம் செய்தான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெரிய உள்ளரங்கங்களில் இசை தெளிவாகக் கேட்பதில்லை என்ற குறை பொதுவாகச் சொல்லப்படுவதுதான். அதை நல்ல ஒலிபெருக்கிகளால் தீர்த்துவிட முடியுமா, அல்லது கட்டடமே அதற்கேற்ப அமைய வேண்டுமா? கூரைக்கு வரும் கூடுதல் சுமையை எப்படிக் கணக்கில் கொள்வது? தளத்தின் அளவு விளையாட்டுக்கு விளையாட்டு மாறும்போது இருக்கைகளை எதை அடிப்படையாக வைத்து வரைவது? இத்துறையில் பணியாற்றுபவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒலிமேசை

உங்கள் வழிகாட்டியின் கேள்வி மிகச் சரியானது. ஒலிபெருக்கிகள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக் கட்டப்பட்ட அரங்கங்கள் ஏராளம். அதன் பலனை அனுபவிப்பவர்கள் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் நிற்கும் எங்களைப் போன்றவர்களும், சீட்டு வாங்கி வந்து பாடலின் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும் ரசிகர்களும்தான்.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாலஸ் சபைன் வகுத்த சூத்திரம் இன்றும் முதல் மதிப்பீட்டுக்குப் போதுமானது: எதிர்முழக்க நேரம், அதாவது ஒலி 60 டெசிபெல் தணிவதற்கு ஆகும் நேரம், அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சலால் (தன்மேல் விழும் ஒலி முழுவதையும் உறிஞ்சும் பரப்பாகக் கணக்கிடப்படுவது) வகுத்தால் கிடைக்கும். உங்கள் அரங்கத்தின் கன அளவு 1,50,000 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்முழக்க நேரம் 2 வினாடியாக இருக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 12,000 சதுர மீட்டர் உறிஞ்சல் தேவை. கூரையின் அடிப்பகுதி 8,000 சதுர மீட்டர் இருந்து, அது தன்மேல் விழும் ஒலியில் 85 விழுக்காட்டை உறிஞ்சினால் 6,800 கிடைத்துவிடும். ஒரு பார்வையாளருக்கு 0.45 சதுர மீட்டர் என்று கொண்டால், நிறைந்த அரங்கில் 12,000 பேர் 5,400 தருவார்கள். கணக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் இது நடுத்தர அதிர்வெண்களுக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு. 63 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். கூரையில் ஒட்டப்படும் 50 மில்லிமீட்டர் கனிமப் பஞ்சு அந்த அலைக்கு இருப்பதாகவே தெரியாது. மனித உடலும் ஆடையும்கூட அதை மிகக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. ஆகவே நடுத்தர ஒலிகள் இரண்டு வினாடியில் அடங்கிவிட, பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளைத் தரும் பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் அதைப் போல இரு மடங்குக்கும் மேலான நேரம் அரங்கில் சுழன்றுகொண்டிருக்கும். முந்தைய அடியின் முழக்கம் அடங்குவதற்குள் அடுத்த அடி விழுகிறது. பாடகரின் குரல் அந்த முழக்கத்தின் அடியில் புதைந்துபோகிறது. "சத்தம் அதிகம், ஒன்றும் புரியவில்லை" என்று ரசிகர்கள் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒலிமேசையில் பாஸைக் குறைத்தால் தெளிவு கூடும், ஆனால் இசையின் உடல் போய்விடும்.

இரண்டாவது தொல்லை, மேடைக்கு நேர் எதிரே உள்ள சுவர். மேடையிலிருந்து அது 90 மீட்டர் தொலைவில் இருந்தால், ஒலி சென்று மோதித் திரும்ப ஏறத்தாழ அரை வினாடிக்குச் சற்று மேல் ஆகும். நிமிடத்துக்கு 120 அடிகள் கொண்ட பாடலில் அடிக்கும் அடிக்கும் இடைவெளி சரியாக அரை வினாடி. மேடையில் நிற்கும் டிரம் கலைஞருக்குத் தாம் வாசித்த அடி, அடுத்த அடிக்குச் சற்றுப் பிந்தி, வேறொருவர் தாளம் தப்பி வாசிப்பது போலத் திரும்பி வந்து கேட்கும். சமையலறையில் பாத்திரம் விழுந்தது போன்ற அந்த ஓசையைக் காதுக்குள் பொருத்தும் சிறு ஒலிபெருக்கிகளான மானிட்டர்கள் ஓரளவு மறைக்கின்றனவே தவிர, முன்வரிசை ரசிகர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஒலிபெருக்கிகள் எவ்வளவு உதவும் என்று கேட்டீர்கள். 1990களின் தொடக்கத்தில் எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த லைன் அரே முறைக்குப் பிறகு நிலைமை வெகுவாக மாறியது உண்மை. செங்குத்தாகத் தொங்கும் அந்த வரிசை, ஒலியைக் கூரைக்கும் வெற்றுச் சுவருக்கும் அனுப்பாமல் இருக்கைகளின்மீது மட்டும் செலுத்த உதவுகிறது. தொலைவில் தொங்கவிடப்படும் துணை ஒலிபெருக்கிகளுக்குத் தாமதம் கொடுத்து, மேடையின் ஒலியோடு சேர்ந்து வந்தடையச் செய்கிறோம். 50 மீட்டருக்கு ஏறத்தாழ 146 மில்லி வினாடி. ஆயினும் இந்தக் கட்டுப்பாடு அனைத்தும் நடுத்தர, உயர் அதிர்வெண்களில்தான் எளிது. பாஸ் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவும். அதைக் கட்டடம்தான் விழுங்க வேண்டும். துளையிட்ட உலோகக் கூரைத் தகட்டின் பின்னால் ஆழமான காற்றிடைவெளி, சுவர்களில் மெல்லிய சவ்வு போல் அதிரும் பலகைகள் ஆகியவை உதவும். இவற்றுக்கான ஆழத்தை இப்போதே வரைபடத்தில் ஒதுக்காவிட்டால் பின்னால் இடம் கிடைக்காது.

ஐஸ்தளம்

மேலே எழுதியவருக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. அவர் கேட்பதையெல்லாம் செய்தால் விளையாட்டு நாளில் அரங்கம் செத்துக் கிடக்கும். கடைசி நிமிடத்தில் கோல் விழும்போது எழும் ஆரவாரம் கூரையில் மோதித் திரும்பி வருவதால்தான் பத்தாயிரம் பேர் இருபதாயிரம் பேராக ஒலிக்கிறார்கள். உள்ளூர் அணிக்கு அது ஒரு பலம். எல்லாச் சுவரிலும் பஞ்சை ஒட்டிவிட்டு, பிறகு ஆரவாரம் போதவில்லை என்று ஒலிபெருக்கியில் கைதட்டலை ஓடவிடும் அரங்கங்களை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

தளத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீகில் பயன்படும் ஐஸ் ஹாக்கித் தளம் ஏறத்தாழ 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்டது. பன்னாட்டுக் கூடைப்பந்துக் களம் 28க்கு 15 மீட்டர்தான். ஆகவே ஐஸ் ஹாக்கியை முதலில் பொருத்தி, கூடைப்பந்து நாளில் இழுத்து நீட்டக்கூடிய அடுக்கு இருக்கைகளை முன்னால் கொண்டுவருவதே முறை. இதைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் பார்க்லேஸ் சென்டரைப் பாருங்கள். 2012இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் கூடைப்பந்தை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. 2015இல் ஐலண்டர்ஸ் ஹாக்கி அணி அங்கே குடியேறியபோது ஐஸ் தளத்தை ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் அமைக்க முடிந்தது. ஸ்கோர்போர்டு தளத்தின் நடுவில் இல்லாமல் விலகித் தொங்கியது. பல இருக்கைகளிலிருந்து தளத்தின் ஒரு பகுதியே தெரியவில்லை. அந்த அணி இப்போது வேறு அரங்கத்தில் விளையாடுகிறது.

ஐஸ் என்பது கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் உப்புநீரையோ கிளைக்கால் என்ற உறையாத் திரவத்தையோ உறைநிலைக்குக் கீழான வெப்பநிலையில் ஓடவிட்டு உருவாக்கப்படுவது. அதன் தடிமன் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர். பருவம் முழுவதும் அதை உருக்குவதில்லை. ஹாக்கி ஆட்டம் முடிந்த இரவில் வெப்பம் கடத்தாத பலகைகளை ஐஸின்மேல் நெருக்கமாக அடுக்கி, அவற்றின்மேல் மேப்பிள் மரத்தாலான கூடைப்பந்துத் தளத்தைத் துண்டு துண்டாகப் பொருத்துகிறோம். ஒவ்வொரு துண்டின் பின்புறமும் எண் எழுதப்பட்டிருக்கும். ஒரு துண்டு மாறினாலும் கடைசி வரிசை கோணிக்கொள்ளும். பழகிய குழுவுக்குச் சில மணி நேர வேலை இது. 2012 மே மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்டேபிள்ஸ் சென்டரில், இரண்டு கூடைப்பந்து அணிகளுக்கும் ஒரு ஹாக்கி அணிக்குமாக, நான்கு நாட்களில் ஆறு பிளேஆஃப் ஆட்டங்கள் நடந்தன. அந்த அரங்கின் தளம் மாற்றும் ஊழியர்களுக்கே கோப்பையைக் கொடுத்திருக்கலாம்.

ஈரப்பதத்தை மறந்துவிடாதீர்கள். அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். 12,000 பேர் என்றால் 1.2 மெகாவாட், கூடவே மூச்சுக்காற்றின் ஈரம். 1975இல் என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில் பஃபலோ நகரின் பழைய அரங்கில் குளிர்சாதன வசதி இல்லாததால், ஐஸின்மேல் மூடுபனி எழுந்து ஆட்டத்தை மீண்டும் மீண்டும் நிறுத்த வேண்டியதாயிற்று. பனியைக் கலைப்பதற்காக வீரர்கள் தளத்தைச் சுற்றிச் சறுக்கிக்கொண்டிருந்தனர். காற்றின் ஈரத்தை அகற்றும் இயந்திரங்களுக்கான இடத்தைக் கூரைக்கு அருகிலேயே ஒதுக்குங்கள்.

கூரைக்கம்பி

ரிக்கிங், அதாவது கூரையிலிருந்து கருவிகளைத் தொங்கவிடும் பணியில் இருப்பவன் என்ற முறையில் கூரைச் சுமை பற்றிச் சொல்கிறேன். பல மாணவர்கள் ஸ்கோர்போர்டின் எடையை நடுவில் வைத்துக் கணக்கிட்டுவிட்டு, கூரை வலுவாக இருக்கிறது என்று நிம்மதி அடைகிறார்கள். இசை நிகழ்ச்சியின் சுமை நடுவில் வருவதில்லை. மேடை ஒரு முனையில் இருப்பதால் விளக்குகள், திரைகள், ஒலிபெருக்கிகள் எல்லாம் கூரையின் ஒரே பக்கத்தில் தொங்குகின்றன. பெரிய நிகழ்ச்சிகள் 50 டன்னுக்கும் மேல் தொங்கவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அரங்கின் நடுவில் மேடை போடும் கலைஞர் வந்தால் அதே சுமை நடுவுக்கு நகரும். ஆகவே எந்தப் பக்கத்தில் எவ்வளவு என்பதைக் குறிக்கும் சுமை வரைபடம் ஒன்றை உங்கள் கட்டமைப்புப் பொறியாளர் தனியாகத் தயாரிக்க வேண்டும்.

வேலை நடக்கும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் முதல் வேலையாகத் தளத்தில் மையக்கோட்டிலிருந்து அளந்து, ஒவ்வொரு தொங்குபுள்ளிக்கும் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அருகில் அந்த மோட்டாரின் எண்ணையும் கொள்திறனையும் எழுதுவோம். மேலே உத்தரங்களில் இருக்கும் ரிக்கர்கள் கயிற்றை இறக்கிச் சங்கிலியை மேலே இழுத்துக் கட்டுவார்கள். செயின் மோட்டார் அந்தச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு, விளக்குகளைத் தாங்கும் உலோகச் சட்டமான ட்ரஸ்ஸையும் தூக்கியபடி தானே மேலே ஏறும். கலைஞரின் வரைபடத்தில் உள்ள புள்ளிக்கு நேர் மேலே உத்தரம் இருப்பது அரிது. அப்போது இரண்டு உத்தரங்களிலிருந்து சாய்வாக இரு கம்பிகளை இறக்கி, சேரும் இடத்தில் மோட்டாரைத் தொங்கவிடுகிறோம். இங்கேதான் கவனம் வேண்டும்: இரு கம்பிகளுக்கும் இடைப்பட்ட கோணம் 120 பாகையானால் ஒவ்வொரு கம்பியும் முழுச் சுமையையும் தாங்குகிறது, கோணம் அதைவிட விரிந்தால் சுமையைவிடவும் அதிகம். உத்தரங்களைப் பக்கவாட்டிலும் இழுக்கிறது. மேடை வரக்கூடிய முனையில் உத்தரங்களை நெருக்கமாக அமைத்து, இடையில் நடைபாலங்கள் கொடுத்தால், நாங்கள் இந்தச் சாய்வு வித்தைகளைக் குறைத்துக்கொள்வோம்.

கூரை விஷயத்தில் கணினியின் விடையை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு ஹார்ட்ஃபோர்டு சிவிக் சென்டர் நிரந்தரப் பாடம். 1978 ஜனவரி 18 அதிகாலையில் பனியின் சுமையால் அதன் முப்பரிமாணச் சட்டகக் கூரை முழுவதும் கீழே விழுந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்புதான் ஏறத்தாழ 5,000 பேர் அங்கே கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டுச் சென்றிருந்தனர். விழுந்தபோது உள்ளே யாரும் இல்லாததால் உயிரிழப்பில்லை. கட்டும்போதே கூரை கணக்கிட்டதைப் போல இரு மடங்கு தாழ்ந்திருந்ததை அளந்து பார்த்திருந்தார்கள். ஆனாலும் பணி தொடர்ந்தது. அழுத்தத்துக்கு உள்ளாகும் மேல் தண்டுகளுக்குப் போதிய பக்கத் தாங்கல் இல்லாததால் அவை வளைந்ததே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. அடுத்த ஆண்டே கான்சஸ் சிட்டியின் கெம்பர் அரங்கின் கூரையும் பெருமழையில் விழுந்தது.

வரைபடமேசை

மூவருக்கும் நன்றி. இருக்கைகளை ஐஸ் ஹாக்கித் தளத்திலிருந்து தொடங்கி மறுபடி வரைகிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. ஆரவாரமும் வேண்டும், தெளிவும் வேண்டும் என்றால் ஒலிமேசை அவர்களின் யோசனை என்ன? மேலும், இசை நிகழ்ச்சியில் தளத்திலேயே 3,000 பேர் நிற்பார்கள் என்று வைத்திருக்கிறேன். மேடைக்குப் பின்னால் உள்ள இருக்கைகள் விற்கப்படாததால் மொத்த எண்ணிக்கை கூடாது, எனவே வெளியேறும் வழிகளை மாற்ற வேண்டியதில்லை என்று கருதுகிறேன். இது சரியா?

வாயில்மேற்பார்வை

சரியில்லை. மொத்த எண்ணிக்கை மாறாவிட்டாலும் ஆட்கள் இருக்கும் இடம் மாறிவிட்டது. விளையாட்டு நாளில் தளத்தில் வீரர்களும் நடுவர்களும் மட்டுமே இருப்பார்கள். இசை நிகழ்ச்சியில் அங்கே 3,000 பேர். அதே நாளில் மேடை ஒரு முனையின் வாயில்களை முழுவதுமாக அடைத்துவிடுகிறது. எஞ்சிய முனையிலும் பக்கங்களிலும் உள்ள வாயில்கள்தான் அவர்கள் அனைவரையும் வெளியேற்ற வேண்டும்.

பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்று உச்ச அளவு வைத்திருக்கிறது. வெளியேறும் நேரம் 8 நிமிடம் என்று கொண்டால், 1.2 மீட்டர் அகலப் படிக்கட்டு ஒன்று ஏறத்தாழ 630 பேரை அனுப்பும். உள்ளரங்கத்தில் தீயும் புகையும் அபாயம் என்பதால் உங்கள் நேரம் இதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். தளத்தில் நிற்பவர்களைப் படியேற்றி இருக்கை வரிசைகளின் வழியே அனுப்பாதீர்கள். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும். தள மட்டத்திலேயே அகலமான சுரங்க வழிகளைப் பக்கவாட்டில் கொடுங்கள். லாரிகள் உள்ளே வரும் வழியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நிகழ்ச்சி இரவில் அங்கே காலிப் பெட்டிகள் கூரைவரை அடுக்கப்பட்டிருக்கும்.

உள்ளே வரும் வழியும் அதே அளவு முக்கியம். 1979 டிசம்பர் 3 அன்று சின்சினாட்டி நகரின் ரிவர்ஃபிரன்ட் கொலிசியத்தில், இருக்கை எண் இல்லாத சீட்டுகளோடு வெளியே திரண்டிருந்த கூட்டத்துக்கு மிகச் சில கதவுகளே திறக்கப்பட்ட நிலையில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். கதவுகளுக்கு வெளியே கூட்டம் நிற்பதற்கான வெளியை வரையாத வரைபடம் முழுமையற்றது.

ஒலிமேசை

ஐஸ்தளம் அவர்களின் மறுப்பில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மீதிப் பாதிக்குத் தீர்வு இருக்கிறது. கூட்டத்தின் கூச்சலின் ஆற்றல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸையும் அதற்கு மேற்பட்ட பகுதியையும் சார்ந்தது. இசையைக் கெடுப்பதோ 125 ஹெர்ட்ஸும் அதற்குக் கீழும். ஆகவே பாஸை உறிஞ்சும் பலகைகளைக் கட்டடத்தில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். ஆரவாரத்துக்கு அதனால் குறைவு வராது. நடுத்தர, உயர் ஒலிகளுக்கு, மேல் வரிசைகளின் பின்சுவரிலும் மேடைக்கு எதிர்முனையிலும் சுருட்டி ஏற்றக்கூடிய கனத்த திரைகளை வையுங்கள். இசை நாளில் இறக்கலாம், ஆட்ட நாளில் ஏற்றலாம். பாஸுக்குத் திரை பயன்படாது, பலகைக்கு மாற்றாகத் திரையை வாங்கச் சொல்லும் விற்பனையாளர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இலேசான துணிக் கூரையைப் பரிசீலித்தால், பாஸ் அதன் வழியே வெளியேறிவிடுவதால் உள்ளே தெளிவு கூடும். ஆனால் வெளியேறிய அந்த ஒலி பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குத்தான் போகும்; நள்ளிரவுக்கு முன்பே நிகழ்ச்சியை முடிக்கச் சொல்லும் உத்தரவும் பின்னாலேயே வரும்.

பழையரசிகன்

எல்லோரும் சமரசம் பேசுவதால் எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே இங்கிள்வுட்டில் 1967இல் திறக்கப்பட்ட ஃபோரம் அரங்கத்திலிருந்து கூடைப்பந்து அணியும் ஹாக்கி அணியும் 1999இல் வெளியேறின. பின்னர் அதை வாங்கிய நிறுவனம், மீண்டும் விளையாட்டைத் தேடாமல், இசையையே முதன்மையாகக் கொண்டு புதுப்பித்து 2014இல் திறந்தது. அரங்கம் நன்றாகவே நடந்தது. மறுமுனையில் ஜப்பானின் சைத்தாமா சூப்பர் அரீனாவைப் பாருங்கள்: ஏறத்தாழ 15,000 டன் எடையுள்ள இருக்கைப் பகுதி முழுவதும் 70 மீட்டர் நகர்ந்து அரங்கின் அளவையே மாற்றுகிறது. ஒன்று தேவையைக் குறைத்துக்கொண்டது. மற்றொன்று கட்டடத்தையே அசைத்தது. 12,000 இருக்கைக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் ஓர் ஆண்டில் எத்தனை நாள் ஆட்டம், எத்தனை நாள் இசை என்று உங்கள் பணிக்குறிப்பில் இருக்கிறதா? அந்த எண் இல்லாமல் இங்கே யார் சொல்வதும் ஊகமே.

வரைபடமேசை

பணிக்குறிப்பில் அந்த எண் இல்லை. நாளை வழிகாட்டியிடம் கேட்கிறேன். கூரைக்கம்பி அவர்களிடம் கடைசியாக ஒன்று: நடுவில் தொங்கும் ஸ்கோர்போர்டு இசை நிகழ்ச்சியின்போது மேல் வரிசைகளின் பார்வையை மறைக்காதா?

கூரைக்கம்பி

மறைக்கும். வின்ச் (கயிறு சுற்றித் தூக்கும் இயந்திரம்) வைத்துக் கூரை உத்தரங்களின் அடிப்பகுதிவரை ஏற்றிவிடும் வசதி கட்டாயம் வேண்டும். மிக உயர்ந்த வரிசையில் அமர்ந்திருப்பவரின் கண்ணிலிருந்து மேடையின் மேல் விளிம்புக்கு ஒரு கோடு வரைந்து பாருங்கள். ஏற்றிய நிலையில் ஸ்கோர்போர்டின் அடிப்பகுதி அந்தக் கோட்டை வெட்டினால் கூரையை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் கன அளவு கூடி ஒலிமேசை அவர்களின் கணக்கு மாறும். மாற்றாக, உத்தரங்களுக்கு இடையில் ஸ்கோர்போர்டு உள்வாங்கி அமரும் அளவுக்குப் பள்ளம் விடலாம். நான் பணியாற்றியவற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த அரங்கில் அப்படித்தான் செய்திருந்தார்கள். பராமரிப்புக்காக அதைத் தளம்வரை இறக்கவும் முடிய வேண்டும்; வின்ச் கயிற்றின் நீளத்தை அதற்கேற்பக் குறியுங்கள்.